மீட்டருக்கும் வண்டிக்கும் இடையே இருபது மீட்டர்

ஹைதராபாதின் மேற்கு விளிம்பில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ராமச்சந்திராபுரத்துக்கு மின்சாரம் புதுப்பொருளன்று. 1960களில் அங்கு எழுந்த கனமின் ஆலை, நாட்டின் மின்நிலையங்களுக்கு நீராவிச் சுழலிகளையும் சுவிட்ச்கியர்களையும் செய்து அனுப்பியே ஊருக்குப் பெயர் தேடித் தந்தது. ஆட்டோக்காரருக்கும் பேருந்து நடத்துநருக்கும் ‘பி.ஹெச்.இ.எல்.’ என்றால்தான் ஊர் விளங்கும். பல்லாயிரம் வோல்ட்டைக் கையாளும் சாதனங்களைச் செய்து ஓய்வுபெற்றவர்கள் வசிக்கும் அத்தகைய ஊரில், அடுக்ககம் ஒன்றின் வாகன நிறுத்தத்தில் 32 ஆம்பியர் இணைப்பு ஒன்று வேண்டும் என்று ஒரு குடியிருப்பாளர் விண்ணப்பித்தால், ‘பொதுக்குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும்’ என்ற பதில் வருகிறது. பொதுக்குழு கூடுகிறது. ‘ஆபத்து’ என்ற சொல் பலமுறை ஒலிக்கிறது, ‘முன்னுதாரணம்’ என்ற சொல் அதைவிடப் பலமுறை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கே பொழுதைத் தின்றுவிடுகிறது.

பீரங்குடாவிலும் அமீன்பூரிலும் தெள்ளாப்பூரிலும் நடப்பது இதுவே. சென்னையின் வேளச்சேரியிலும் பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும் பேசும் மொழி மாறுமே தவிர நாடகம் மாறுவதில்லை. வண்டி வாங்கியவர் சட்டத்தைச் சுட்டுவார், சங்கச் செயலாளர் பொதுநலத்தைச் சுட்டுவார், இருவருக்கும் நடுவே ஒரு சுவர் வெறுமையாகவே நிற்கும். இந்தப் பூசலைப் பக்கத்து வீட்டுச் சச்சரவாகக் கருதிக் கடந்துவிடுகிறார்கள். போக்குவரத்துக் கொள்கையின் வெற்றி தோல்வி முழுவதும் அந்தச் சுவரில்தான் தீர்மானமாகிறது என்பதை ஏற்க, கொள்கை வகுப்போருக்கும் மனமில்லை.

பிழை சொல்லிலிருந்தே தொடங்குகிறது.

தமிழில் ‘சார்ஜ்’ என்ற இரவல் சொல்லுக்குப் பிழைப்பு பல. பேருந்தில் கொடுப்பதும் சார்ஜ், புதிய அதிகாரி பொறுப்பேற்றால் எடுத்துக்கொள்வதும் சார்ஜ், காவல்துறை நீதிமன்றத்தில் வைப்பதும் சார்ஜ் ஷீட், கைப்பேசிக்குள் ஏறுவதும் சார்ஜ். அடுக்ககச் சங்கத்தில் இந்த நான்கும் ஒரே மாலையில் கூடிவிடும் என்பது வேறு. இங்கே கருத வேண்டியது வினைச்சொல். கைப்பேசிக்குத் தமிழர் ‘சார்ஜ் போடுகிறார்கள்’, தெலுங்கர் ‘சார்ஜிங் பெட்டு’ என்கிறார்கள். போடு, பெட்டு என்ற இரண்டும் அடுப்படி வினைகள். சோறு போடுவதும் கோலம் போடுவதும் விளக்குப் போடுவதும் எத்தகைய வினையோ, சார்ஜ் போடுவதும் அத்தகைய வினையே. யாரிடமும் அனுமதி கேட்டுச் செய்வதன்று அது. மின்ஸ்கூட்டருக்கும் இந்த வினை ஓரளவு ஒட்டிக்கொண்டது. காருக்கு வந்ததும் வழக்கு முறிகிறது. ‘சார்ஜிங் ஸ்டேஷன்’ என்றும் ‘மின்னேற்று நிலையம்’ என்றும் பெயர்ச்சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வினை போய்ப் பெயர் வந்தவுடன், செயல் போய் இடம் வந்துவிடுகிறது. இடம் என்றால் உரிமம், தூரம், தீயணைப்புச் சான்று, வணிகக் கட்டணம், கூட்டம், வரிசை. சுருங்கச் சொன்னால் பெட்ரோல் பங்க். ‘எங்கள் கட்டடத்துக்குள் சார்ஜிங் ஸ்டேஷன் வேண்டாம்’ என்று கையெழுத்திடுபவர் மனத்தில் ஓடுவது பிளக் பாயின்ட்டின் படமன்று. தரைக்கடியில் எரிபொருள் தொட்டியும் ‘புகை பிடிக்காதீர்’ என்ற பலகையும் கொண்ட பங்க்கின் படம்.

இந்த உருவகத்தைச் சங்கச் செயலாளர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. மைய மின்துறை 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நகரங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு பொது நிலையம், நெடுஞ்சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்று என்று வரைபடத்தின் மேல் புள்ளி வைத்தன. பங்க்கை எண்ணிப் பழகிய மனம் வைத்த புள்ளிகள் அவை. அதே ஆண்டு ஏப்ரலில் அதே துறை தந்த விளக்கம் இதைவிடக் கூர்மையானது. மின்கலத்தை ஏற்றுவது மின்சாரத்தை விற்பதாகாது, மின்னாற்றலை வேதியாற்றலாக மாற்றித் தரும் சேவையே அது, ஆகவே 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவையில்லை என்றது அந்த விளக்கம். பங்க் உருவகத்தை ஒரே வரியில் உடைத்த ஆவணம் அரசிடமே இருந்தும், அதன் வெளிச்சம் அடுக்ககப் படிக்கட்டு வரை வந்து சேரவில்லை.

சுவரில் மாட்டும் பெட்டியைச் ‘சார்ஜர்’ என்பதும் தவறான வழக்கு. காரின் மின்கலத்துக்கு வேண்டியது நேர்திசை மின்னோட்டம். வீட்டில் வருவது மாறுதிசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே, விற்கும்போதே பொருத்தப்பட்டிருக்கிறது. மெய்யான சார்ஜர் அதுதான். சுவரில் இருப்பது ஒரு காவலாளி. ஒரு ரிலே, கசிவைக் கண்டு துண்டிக்கும் அமைப்பு, காரோடு பேசும் சிறு மின்சுற்று ஆகியவை அதற்குள் இருக்கின்றன.

அந்தப் பேச்சு மொழியியல் மாணவர் எவரும் ரசிக்கத்தக்கது. சுவரிலிருந்து காருக்குப் போகும் தடித்த வயர்களோடு ஒரு மெல்லிய வயரும் போகிறது. வண்டி இணையாதபோது அதில் 12 வோல்ட் நிற்கும். செருகியவுடன் காருக்குள் இருக்கும் மின்தடை அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும். ‘வந்துவிட்டேன்’ என்பது அதன் பொருள். உடனே பெட்டி விநாடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் சமிக்ஞையை அனுப்பும். ஒவ்வொரு துடிப்பின் அகலமும் ஓர் எண்ணைச் சொல்லும். துடிப்பு 53 விழுக்காடு நேரம் உயர்ந்து நின்றால் ‘32 ஆம்பியர் வரை எடுக்கலாம்’ என்று பொருள், 27 விழுக்காடு என்றால் 16 ஆம்பியர். கார் அதைப் படித்து, தனக்கு ஆயத்தம் உண்டு என்றால் மின்னழுத்தத்தை 6 வோல்ட்டாக இறக்கிச் சம்மதம் தெரிவிக்கும். அந்தச் சம்மதம் வந்த பிறகே ரிலே மூடும், மின்சாரம் பாயும். அதுவரை சுவரில் தொங்கும் துப்பாக்கி வடிவப் பிளக்கில் 230 வோல்ட் கிடையாது. மழைக்காலத்தில் குழந்தை தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர், தம் வீட்டுக் கூடத்தில் எந்நேரமும் உயிரோடு இருக்கும் மூன்றுமுனைச் சாக்கெட்டைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ஐ.இ.சி. 61851 என்ற பன்னாட்டுத் தரத்திலும் அதன் வழிவந்த ஐ.எஸ். 17017 என்ற இந்தியத் தரத்திலும் எழுதிவைக்கப்பட்ட இலக்கணம் இது. உரைநடையில் சொன்னால்: முதலில் வருகை, பிறகு அளவு, பிறகு சம்மதம், அதன்பின் செயல். குடியிருப்போர் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள் பலவற்றைவிட ஒழுங்கான உரையாடல்.

இனி, ‘லோடு தாங்காது’ என்ற வாதம். இது முழுப் பொய்யன்று. அறுபது வீடுகள் கொண்ட கட்டடத்தில் அறுபது பேரும் 7.4 கிலோவாட் பெட்டி வைத்து ஒரே நொடியில் இயக்கினால் 444 கிலோவாட் வேண்டும். அத்தகைய கட்டடத்தின் மின்மாற்றி பெரும்பாலும் அதைத் தாங்காது. ஆனால் அந்த நொடி வருவதற்கான காரணம் எது? ராமச்சந்திராபுரத்திலிருந்து கச்சிபௌலிக்கோ ஹைடெக் சிட்டிக்கோ போய்வருபவருக்கு நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், சிறிய மின்காருக்கு ஏறத்தாழ 6 யூனிட் போதும். சாதாரண 15 ஆம்பியர் இணைப்பின் 3.3 கிலோவாட்டில் இரண்டு மணி நேர வேலை அது. ஒரு கெய்சரும் ஒரு குளிர்சாதனமும் சேர்ந்து இழுக்கும் பளு. அறுபது வீட்டுக்கும் 360 யூனிட், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை பரப்பினால் சராசரி 45 கிலோவாட். பரப்புவது எப்படி என்று கேட்டால், மேலே சொன்ன துடிப்பின் அகலத்தைக் குறைத்தால் போதும். கட்டடத்தின் மொத்தப் பளுவை அளந்து பெட்டிகளுக்கு ஆணையிடும் கருவிகள் சந்தையில் உள்ளன. கார் முரண்டு பிடிக்காது, கொடுத்ததை எடுத்துக்கொள்ளும். கோடை மாலையில் அறுபது வீட்டிலும் ஒன்றாக ஓடும் குளிர்சாதனங்களுக்கு எந்தப் பொதுக்குழுவும் தடையின்மைச் சான்று கேட்டதில்லை.

தீயைப் பற்றிய அச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அதை எள்ளி நகையாடும் மின்வாகன ஆர்வலர்கள் தம் தரப்புக்கே தீங்கு செய்கிறார்கள். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் பற்றி எரிந்ததில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12 இரவு, செகந்திராபாதில் மின்ஸ்கூட்டர் காட்சியகம் ஒன்றில் மூண்ட தீயின் புகை மேலே இருந்த விடுதிக்கு ஏறி எட்டுப் பேரைக் கொன்றது. ஹைதராபாதில் எந்தச் சங்கக் கூட்டத்திலும் இந்த எட்டுப் பேர் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை அவமதிக்காமல் பேச வேண்டுமென்றால், அங்கு எது எரிந்தது என்று கேட்க வேண்டும். 2022இல் எரிந்தவை பெரும்பாலும் இருசக்கர வண்டிகளின் மலிவான மின்கலப் பொதிகள். மைய அரசு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு நடத்திய ஆய்வு, பொதிகளின் வடிவமைப்பிலேயே குறை கண்டது. அதன் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. செகந்திராபாதில் உயிர்களைக் குடித்தது தீயைவிடப் புகை. வண்டிகளைக் குவித்துவைத்த தளத்தின் மேல் ஆட்கள் உறங்கிய கட்டடத்தில், புகைக்கும் ஆட்களுக்கும் ஒரே படிக்கட்டே வழியாக இருந்தது. அந்தக் கொடுமையிலிருந்து பெற வேண்டிய பாடம் கட்டட விதியைப் பற்றியது. மாடிப்படியை மூடிச் செருப்பு அலமாரியும் பழைய சைக்கிளும் அடுக்கிவைத்திருக்கும் அடுக்ககங்கள், அந்தப் பாடத்தைப் படிக்காமல் பிளக் பாயின்ட்டை மட்டும் மறுக்கின்றன.

மறுப்பினால் வண்டி சார்ஜ் ஆகாமல் நின்றுவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. இங்கேதான் சங்கங்களின் நிலைப்பாடு அபத்தத்திலிருந்து ஆபத்துக்கு நகர்கிறது. அனுமதி கிடைக்காதவர் இரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிடுகிறார். காவலாளி அறையின் சாக்கெட்டுக்கு மாதம் ஏதோ கொடுத்து ஏற்பாடு செய்துகொள்கிறார். லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சாக்கெட்டில் எட்டு மணி நேரம் 15 ஆம்பியர் இழுக்கிறார். இஸ்திரிப் பெட்டிக்கும் கெய்சருக்கும் என்று செய்த சாக்கெட் சிறிது நேரப் பளுவையே எதிர்பார்க்கிறது. இரவு முழுவதும் இழுத்தால் தளர்ந்த இணைப்பு சூடேறும், பிளாஸ்டிக் இளகும். முறையான நிறுவலில் ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. 32 ஆம்பியருக்குக் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்.சி.பி., 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., நேர்திசைக் கசிவையும் உணரும் பாதுகாப்பு, சோதித்துப் பார்த்த எர்த். பல பெட்டிகள் எர்த் சரியில்லை என்றால் இயங்கவே மறுத்துவிடும். கட்டடத்தின் எர்த் குழி பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடக்கிறது என்ற உண்மை அந்த மறுப்பினால்தான் பல இடங்களில் முதன்முறையாக வெளிவருகிறது. பெட்டியை வெளியே நிறுத்தினால் அந்த உண்மையும் வெளியே நின்றுவிடும்.

இருபது மீட்டர் கதைக்கு வர வேண்டும்.

ஹைதராபாதின் சாதாரண ஐந்துமாடிக் கட்டடங்களில் தரைத்தளம் தூண்களின் மேல் நிற்கும் வாகன நிறுத்தம். மின்மீட்டர்கள் அனைத்தும் அந்தத் தளத்திலேயே ஒரு சுவரில் வரிசையாக இருக்கும். நான்காம் மாடிக்காரரின் மீட்டரும் அங்கேதான், அவருடைய வண்டியும் அங்கேதான். இரண்டுக்கும் இடையே பத்து மீட்டரோ இருபது மீட்டரோ. மாடிக்கு வயர் இழுக்க வேண்டிய தேவையே இல்லை. 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இருபது மீட்டர் தூரத்துக்கு, 32 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு நான்கு வோல்ட்டுக்குள் அடங்கும். பொறியியல் கணக்கு இவ்வளவே. ஆனால் அந்த இருபது மீட்டர் யாருடையது? வாகன நிறுத்தத்தைத் தனிச்சொத்தாக விற்க முடியாது, அது பொது இடம் என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. கட்டுநர்களின் கொள்ளையைத் தடுக்க வந்த நல்ல தீர்ப்பு. அதன் நிழலில்தான் இன்று ‘பொது இடத்தில் தனியார் வயர் ஓடக் கூடாது’ என்ற வாதம் குளிர்காய்கிறது. எல்லாருக்கும் சொந்தமான இடம் எவருக்கும் பயன்படாத இடமாகிவிட்டது. அதே பொது இடத்தின் வழியே ஒவ்வொரு வீட்டின் இணையக் கேபிளும் குளிர்சாதனத்தின் தண்ணீர்க் குழாயும் ஓடுவதைக் குறிப்பேடுகள் பதிவு செய்வதில்லை.

அரசின் ஆவணங்கள் இந்த இருபது மீட்டரை ஒவ்வொரு முறையும் தாண்டிக் குதிக்கின்றன. 2022 ஜனவரி நெறிமுறைகள், உரிமையாளர் தம் வீட்டின் இருக்கும் இணைப்பிலேயே வண்டியை ஏற்றிக்கொள்ளலாம் என்றன. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், மின்வாகனத்துக்கென்று தனி இணைப்புக் கேட்டால் மின்விநியோக நிறுவனம் தர வேண்டும் என்றன. பெருநகரில் புதிய இணைப்புக்கு மூன்று நாள் கெடுவும் விதித்தன. 2019இல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள், புதுக் கட்டடத்தில் வாகன நிறுத்தத்தின் இருபது விழுக்காட்டுக்கு ஏற்பாடு வேண்டும் என்றன. இவையெல்லாம் மின்நிறுவனத்தோடும் கட்டுநரோடும் பேசுகின்றன. ஏற்கெனவே கட்டி முடித்துச் சங்கத்தின் கையில் ஒப்படைத்த கட்டடத்தோடு எதுவும் பேசவில்லை. ‘ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற வினைமுற்றைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். தமிழின் ‘-லாம்’ இரண்டு பொருளை ஒரே விகுதியில் சுமக்கும். ஒன்று, தடையில்லை. மற்றொன்று, இயலும். அரசு முதல் பொருளில் சொல்கிறது, வண்டி வாங்கியவர் இரண்டாம் பொருளில் கேட்டுக்கொள்கிறார். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்துக்குத்தான் பிற நாடுகள் சட்டம் இயற்றின.

ஸ்பெயினில் தமக்குரிய நிறுத்தத்தில் பெட்டி வைப்பவர் சங்கத்துக்கு முன்கூட்டித் தெரிவித்தால் போதும், வாக்கெடுப்பு இல்லை. பிரான்சில் அதற்கு ‘பிளக் உரிமை’ என்றே பெயர், வாடகைக்கு இருப்பவருக்கும் அது உண்டு. ஜெர்மனியில் 2020 டிசம்பர் 1 முதல் அடுக்ககத்தில் பங்குள்ள எவரும் மின்னேற்றும் வசதியைக் கோரலாம். எப்படி நிறுவுவது என்பதைச் சங்கம் தீர்மானிக்கலாமே தவிர, நிறுவலாமா என்பதைத் தீர்மானிக்க முடியாது. கலிபோர்னியாவின் குடியியல் சட்டம், நியாயமற்ற தடை விதிக்கும் சங்க விதியைச் செல்லாது என்கிறது, செலவும் பொறுப்பும் நிறுவுபவருடையவை என்றும் சொல்கிறது. ‘எப்படி’ என்பதைச் சங்கத்துக்கும் ‘ஆமா இல்லையா’ என்பதைத் தனிமனிதருக்கும் பிரித்துக் கொடுத்த நுட்பம் இந்தச் சட்டங்களில் இருக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 1987ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டமே தெலங்கானாவிலும் தொடர்கிறது. மின்காரே இல்லாத காலத்தில் எழுதிய அந்தச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவைச் சேர்க்கச் சட்டமன்றத்துக்கு ஒரு பிற்பகல் போதும்.

அந்தப் பிற்பகல் கிடைக்கவில்லை, மாறாக வரிச்சலுகை கிடைத்தது. 2024 நவம்பர் 18 முதல் தெலங்கானாவில் மின்வாகனங்களுக்குச் சாலைவரியும் பதிவுக்கட்டணமும் முழுமையாகத் தள்ளுபடி, 2026 இறுதி வரை. பதினைந்து லட்ச ரூபாய்க் காருக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொகையை அரசு விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுத்த பணத்தில் வாங்கிய கார் நிற்கும் இடத்தில் பிளக் இருக்குமா என்பதை அதே அரசு கேட்பதில்லை. விளைவாக, தனிவீடு உள்ளவரும் தயவுள்ள சங்கம் வாய்த்தவருமே சலுகையை முழுதாக நுகர்கிறார்கள்.

மின்கட்டணமும் இதே கதையை எண்களில் சொல்கிறது. 2022-23 கட்டண ஆணையின் அடுக்குகளைக்கொண்டு, நிலைக்கட்டணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்க்கலாம். மாதம் 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 820 ரூபாய். அதே மீட்டரில் வண்டிக்கு 180 யூனிட் கூடி 380 ஆனால், முதல் 200 யூனிட்டின் விலையே 5.10 ரூபாய்க்கு மாறிவிடும், மேலே ஏறிய யூனிட்டுகள் 7.70, 9.00 என்று போகும். மொத்தம் 2,510. வண்டி குடித்த 180 யூனிட்டுக்கு விலை 1,690, யூனிட் ஒன்றுக்கு 9.40 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மின்வாகனத்துக்கென்ற எல்.டி. 9 வகைத் தனி இணைப்பில் அதே யூனிட்டுக்கு 6 ரூபாய், ஆக 1,080. மாதம் 610 ரூபாய் வேறுபாடு. தனி இணைப்புக்கு மீட்டர்ச் சுவரில் ஓர் இடம் வேண்டும், அதற்கும் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறார்கள். இரண்டும் மறுக்கப்பட்டவர் வெளியே பொது நிலையத்துக்குப் போனால் வீட்டு விலையின் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். அது ‘சேவை’ என்பதால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. வீட்டு மின்சாரத்துக்கு அந்த வரி கிடையாது. 2018இல் உரிமத்திலிருந்து விடுவித்த அதே சொல், வரியில் கொண்டுவந்து மாட்டிவிட்டது.

இதுவரை சொன்ன அனைத்தும் கார் உள்ளவரின் வழக்கு. அவருக்காகக் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை என்று ஒரு வாசகர் கருதினால் அதில் நியாயம் உண்டு. ‘வீட்டிலேயே சார்ஜ் செய்யலாம்’ என்ற விளம்பர வாக்கியத்தில் ‘வீடு’ என்பது கூரையுள்ள வாகன நிறுத்தத்தோடு கூடிய சொந்த வீட்டையே குறிக்கிறது. சொற்பொருள் இவ்வளவு சுருங்கிப்போனதைப் பற்றி மின்வாகன ஆர்வலர் கூட்டங்களில் ஒரு முணுமுணுப்பும் எழுவதில்லை. எழுபது விழுக்காடு ஏற வேண்டுமா எண்பது விழுக்காடு ஏற வேண்டுமா என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள், பிளக் இல்லாதவர் என்ற வகையினர் இருப்பதையே அறியாதவர்போல் பேசுகிறார்கள்.

லிங்கம்பள்ளி நிலையத்துக்கும் ராமச்சந்திராபுரத்துக்கும் இடையே பங்கு ஆட்டோ ஓட்டுபவர் மின்ஆட்டோவுக்கு மாறினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். அதன் மின்கலம் 7 முதல் 9 யூனிட் கொள்ளும். நாளொன்றுக்கு 8 யூனிட், மாதம் 26 நாள் என்றால் 208 யூனிட். வெள்ளை ரேஷன் அட்டை உள்ள அவர் குடும்பம் 2024 மார்ச் முதல் க்ருஹ ஜோதித் திட்டத்தில் பூஜ்யக் கட்டண ரசீது பெற்றுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்திட்டத்தின் எல்லை மாதம் 200 யூனிட். தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டுமன்று, முழுவதற்கும் கட்ட வேண்டும். வீட்டின் விளக்குக்கும் மின்விசிறிக்கும் 100 யூனிட் சேர்த்தால் 308. பூஜ்யமாக இருந்த ரசீது 1,862 ரூபாய் ஆகும். புகையில்லாத வண்டிக்கு மாறியதற்கு அரசு ஒரு கையால் சாலைவரியைத் தள்ளுபடி செய்து, மறுகையால் இலவச மின்சாரத்தைப் பறித்துக்கொள்கிறது. இரண்டு கைகளும் வெவ்வேறு துறைகளுடையவை என்பதால் ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியாது. மின்ஆட்டோ ஓட்டுநருக்கு எல்.டி. 9 இணைப்பை வைப்புத்தொகை இல்லாமல் தருவதற்கும், அந்த யூனிட்டுகளை 200இன் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கும் புதிய சட்டம்கூட வேண்டாம், ஓர் ஆணை போதும்.

அவர் வாடகைக்கு இருப்பவர் என்றால் இந்தக் கணக்கும் அவருக்கு இல்லை. தனி மீட்டர் இல்லாத ஒற்றையறை வீட்டில் யூனிட்டுக்கு என்ன விலை என்பதை வீட்டுக்காரர் சொல்வார். வண்டிக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று குடிவரும்போதே சொல்லிவிட்டால் வீடு கிடைப்பது அரிது, சொல்லாமல் வந்தால் முதல் மாத ரசீதில் தெரிந்துவிடும். வண்டி தெருவில் நிற்கிறது. வயர் சன்னல் கம்பிக்குள் நுழைந்து, கதவிடுக்கில் நசுங்கி, வாசற்கோலத்தின் மேல் படுத்து, சாக்கடைப் பலகையைக் கடந்து ஆட்டோவின் இருக்கைக்கடியில் போய் முடிகிறது. இரவில் அவ்வழியே நடப்பவர்கள் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போகிறார்கள்.